எங்கள் இளவரசியை என்ன செய்தீர்கள்?

சிவகாசிப் பதிப்புகளில் நாம் நேசித்த நாயகர்கள் வெள்ளித்திரைக்குப் போனபோதெல்லாம் அடையாளம் தெரியாமல் திரும்பி வந்தார்கள். மாடஸ்டி பிளைசிக்கு நேர்ந்தது அதில் மிகப் பெரிய அநியாயம்.

1942-ம் ஆண்டு. பாரசீகத்தின் வடக்குப் பகுதி. போருக்குத் தப்பிய அகதிகள் சாரைசாரையாகத் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். வழியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறிய வானொலிப் பிரிவு ஒன்று முகாம் போட்டிருக்கிறது. ஒரு சிறுமி தனியாக அங்கே வந்து நிற்கிறாள். பன்னிரண்டு வயது இருக்கலாம். கூட யாரும் இல்லை. கழுத்தில் ஒரு கயிறு தொங்குகிறது. அதன் நுனியில் ஒரு மரத்துண்டு, அதோடு கம்பியால் இறுக்கிக் கட்டிய ஆணி. அதுதான் அவளுடைய ஆயுதம். சிப்பாய்கள் சூடாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள். சாப்பிட்ட பாத்திரத்தை அவளே கழுவித் திருப்பித் தருகிறாள். கொடுத்த உணவுப் பொருள்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, ஒரு சிரிப்பை மட்டும் பதிலாகத் தந்துவிட்டு, தலை நிமிர்ந்து நடந்து போய்விடுகிறாள்.

அந்த முகாமில் இருந்த பீட்டர் ஓ'டோனல் என்ற இளம் சிப்பாய் அவளை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை. 20 ஆண்டுகள் கழித்து, லண்டனில் படக்கதை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சிறுமி வளர்ந்து பெரியவளாகியிருந்தால் எப்படி இருப்பாள் என்று யோசித்தார். 1963 மே 13 அன்று 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் மாடஸ்டி பிளைசி பிறந்தாள்.

தமிழ் வாசகர்களுக்கு அவள் வந்து சேர்ந்தது 1984-ல். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கப்பட்டபோது, முதல் இதழின் நாயகி அவள்தான்: 'கத்தி முனையில் மாடஸ்டி'. பெட்டிக்கடையிலும் பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையிலும் தொங்கிய அந்த இதழ்களைக் காசு சேர்த்து வாங்கிய தலைமுறைக்கு அவள் இன்றும் 'இளவரசி'. நானும் அந்தத் தலைமுறை. சென்னைப் புத்தகக் காட்சியில் காமிக்ஸ் ஸ்டாலுக்கு முன்னால் நரைத்த தலையோடு நின்று பேசிக்கொண்டிருப்பவர்களிடம் அவள் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்வது தெரியும். அதே மனிதர்களிடம் அவளைப் பற்றிய சினிமாக்களைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு வேறு திசைக்குப் போகும்.

அவளை மூன்று முறை படமாக்கினார்கள். மூன்றிலும் அவள் இல்லை.

ஒரே ஒரு வரி

படக்கதை தொடங்கி மூன்றே ஆண்டில் சினிமா வந்துவிட்டது. 1966-ல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்ட 'மாடஸ்டி பிளைசி' சாதாரணப் படம் அல்ல. இயக்குநர் ஜோசப் லோசி. ஹாலிவுட்டின் கம்யூனிஸ்ட் வேட்டையில் வேலை இழந்து இங்கிலாந்துக்கு வந்து, 'தி சர்வன்ட்' போன்ற படங்களால் பெயர் வாங்கியவர். மாடஸ்டியாக இத்தாலியின் மோனிகா வீட்டி. அவளுடைய கூட்டாளி வில்லி கார்வினாக டெரன்ஸ் ஸ்டாம்ப். வில்லன் கேப்ரியலாக டிர்க் போகார்ட். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கே போனது. இவ்வளவு பெரிய கூட்டணி எந்த காமிக்ஸுக்கும் அந்தக் காலத்தில் அமைந்ததில்லை.

முதல் திரைக்கதையை எழுதியவர் ஓ'டோனல்தான். பிறகு அது கைமாறிக் கைமாறித் திருத்தப்பட்டது. தான் எழுதியதில் ஒரே ஒரு வரிதான் படத்தில் மிஞ்சியது என்று பிற்காலத்தில் அவர் வேதனையோடு சொல்லியிருக்கிறார்.

என்ன ஆனது படத்தில்? கறுத்த கூந்தலை உயர்த்திக் கொண்டை போட்டிருக்கும் மாடஸ்டிக்கு பொன்னிற முடி வந்தது. காட்சி மாறும்போதெல்லாம், சில இடங்களில் ஒரே காட்சிக்குள்ளேயே, உடையும் சிகையும் மாறின. வில்லன் வெள்ளி நிற விக் வைத்துக்கொண்டு குடை பிடித்து வலம் வந்தான். ஆபத்து எதுவும் ஆபத்தாகத் தெரியவில்லை. இதையெல்லாம் கூட மன்னித்துவிடலாம். லோசி எடுக்க நினைத்தது அந்தக் காலத்து ஒற்றர் படங்களைக் கேலி செய்யும் பாப் ஆர்ட் படம். அந்த வண்ணங்களுக்காகவும் செட்டுகளுக்காகவும் இன்றும் அதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். மோனிகா வீட்டி பெரிய நடிகை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. படத்தில் மாடஸ்டியும் கார்வினும் காதல் ஏக்கத்தோடு ஜோடிப் பாட்டுப் பாடுகிறார்கள்.

மாடஸ்டியைப் படித்த எவருக்கும் அந்த இடத்தில் நெஞ்சு பதறும். ஏனென்றால் அந்தப் படக்கதை நிற்பதே ஒரு விதியின் மேல்தான். சைகோனில் சிறைக்கும் சாக்கடைக்கும் நடுவே கிடந்த வில்லி கார்வினை அவள் கண்டெடுத்து, மனிதனாக நம்பி, தன் வலது கையாக்கிக்கொண்டாள். அவளுக்காக அவன் உயிரைக் கொடுப்பான். அவனுக்காக அவளும். இருவருக்கும் தனித்தனியே காதலர்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் அவர்கள் இருவரும் ஒருபோதும் காதலர்கள் ஆக மாட்டார்கள். 38 ஆண்டுகள், 10,000-க்கும் மேற்பட்ட தினசரிப் பட்டைகள், 13 புத்தகங்கள். இத்தனையிலும் ஓ'டோனல் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. ஆணும் பெண்ணும் சரிக்குச் சமமாக, கூச்சமில்லாமல், உரிமை கொண்டாடாமல் நேசிக்க முடியும் என்பதை எண்பதுகளின் தமிழ்ச் சிறுவர்களான நாங்கள் எந்த சினிமாவிலும் பார்க்கவில்லை. மாடஸ்டியிடம்தான் பார்த்தோம். அதைத்தான் படம் முதல் வேலையாக உடைத்தது.

அதில் ஒரே ஒரு நன்மை விளைந்தது. நிராகரிக்கப்பட்ட தன் திரைக்கதையை ஓ'டோனல் நாவலாக எழுதினார். படம் வருவதற்கு முந்தைய ஆண்டே, 1965-ல், அது வெளியாகி நன்றாக விற்றது. அதன் தொடர்ச்சியாகவே அடுத்தடுத்த நாவல்கள் வந்தன. சினிமாக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்டிருந்தால், நமக்கு ஒரு நல்ல படம் கிடைத்து, ஒரு நல்ல நாவல் வரிசை கிடைக்காமல் போயிருக்குமோ என்னவோ.

[பெட்டி] இளவரசி: அறிமுகம் வேண்டுவோருக்கு

■ போருக்குப் பின் கிரேக்கத்தின் அகதி முகாமிலிருந்து தப்பிய, பெயரும் ஊரும் நினைவில்லாத சிறுமி. வழியில் சேர்ந்துகொண்ட லாப் என்ற முதிய அறிஞரே அவளுடைய ஆசிரியர். அவள் அவரைக் காப்பாற்றினாள், அவர் அவளைப் படிக்கவைத்தார்.

■ மொராக்கோவின் டான்ஜியரில் ஒரு சிறு கும்பலைக் கைப்பற்றி, 'நெட்வொர்க்' என்ற சர்வதேச அமைப்பாக வளர்த்தாள். போதைப்பொருளையும் பெண் வியாபாரத்தையும் தொடவே மாட்டாள். போதிய பணம் சேர்ந்ததும் அமைப்பைக் கலைத்துவிட்டு லண்டனில் குடியேறினாள்.

■ பிரிட்டிஷ் உளவுத்துறையின் சர் ஜெரால்ட் டாரன்ட் அவளைத் தேடி வருவதில் படக்கதை தொடங்குகிறது.

■ முதல் ஓவியர் ஜிம் ஹால்டவே. 1970-ல் அவர் மறைந்த பின் ஸ்பெயினின் என்ரிக் படியா ரொமேரோ தொடர்ந்தார். இடையில் வேறு சிலரும் வரைந்தார்கள்.

■ கடைசிப் பட்டை 2001 ஏப்ரல் 11 அன்று வந்தது. அன்று ஓ'டோனலுக்கு 81-வது பிறந்தநாள். 2010-ல் அவர் காலமானார்.

கார்வின் எங்கே?

1982-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி முயன்றது. ஏபிசி நிறுவனத்துக்காக ஒரு பைலட் எபிசோட். ஆன் டர்கெல் மாடஸ்டி. கதையை அப்படியே பெயர்த்து அமெரிக்காவில் கொண்டுபோய் வைத்தார்கள். தொடராக வளரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

2004-ல் வந்தது 'மை நேம் இஸ் மாடஸ்டி'. இந்த முறை நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. குவென்டின் டாரன்டினோ மாடஸ்டியின் ரசிகர். 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் ஜான் ட்ரவோல்டா கழிவறையில் உட்கார்ந்து படிக்கும் புத்தகம் மாடஸ்டி நாவல்தான். அந்தக் காட்சியை முதன்முதலில் பார்த்தபோது தியேட்டரில் எழுந்து கத்தத் தோன்றியது. புதிய படம் டாரன்டினோவின் பெயரோடு வருகிறது என்றதும் உலகெங்கும் ரசிகர்கள் காத்திருந்தார்கள். வந்தது என்ன? ருமேனியாவில் 18 நாளில் எடுத்து முடித்து, நேராக டிவிடிக்கு அனுப்பிய ஒரு சிறிய படம். டான்ஜியரில் ஒரு சூதாட்ட விடுதி, பணயக் கைதிகள், ஓர் இரவு. வில்லனோடு ரூலெட் ஆடிக்கொண்டே மாடஸ்டி தன் கடந்த காலத்தைச் சொல்கிறாள்.

நேர்மையாகச் சொன்னால், 1966 படத்தைவிட இதில் மரியாதை அதிகம். லாப் இருக்கிறார். அகதி முகாம் இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரா ஸ்டேடன் கேலியில்லாமல், அடக்கமாக நடித்தார். ஓ'டோனலையும் ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். ஆனால் கார்வின் இல்லை! கதை நடப்பது மாடஸ்டி கார்வினைச் சந்திப்பதற்கு முந்தைய காலம். முதல் படம் அவர்களைக் காதலர்களாக்கியது. இந்தப் படம் அவனை அழைக்கவே இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் படத்தை வாட்சன் இல்லாமல் எடுப்பார்களா?

அவ்வளவு அவசரமாக, அவ்வளவு சிறியதாக ஏன் எடுத்தார்கள் என்பதற்குப் பதில் கலை சார்ந்தது அல்ல. படமாக்கும் உரிமை மிராமேக்ஸிடம் இருந்தது. குறித்த காலத்துக்குள் எதையாவது எடுக்காவிட்டால் உரிமை கைநழுவிவிடும். கைநழுவாமல் இருக்க ஒரு படம். அவ்வளவுதான்.

காலாவதிக்குள் ஒரு படம்

காமிக்ஸ் ரசிகர்கள் 'ஏன் மறுபடி மறுபடி எடுக்கிறார்கள், ஏன் மறுபடி மறுபடி கெடுக்கிறார்கள்' என்று புலம்பும்போது, இயக்குநரையும் நடிகரையும் திட்டுகிறோம். பெரும்பாலும் திட்ட வேண்டியது ஒப்பந்தத்தை.

ஸ்டூடியோக்கள் பொதுவாகப் பாத்திரத்தை நிரந்தரமாக வாங்குவதில்லை. இத்தனை ஆண்டுக்குள் படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும், அடுத்த படத்தை இத்தனை ஆண்டுக்குள் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எடுத்துவைத்துக்கொள்கின்றன. கெடு நெருங்கும்போது ஸ்டூடியோவின் முன்னால் இரண்டே வழிகள். உரிமையைத் திருப்பிக் கொடுப்பது அல்லது கையில் கிடைத்த திரைக்கதையோடு கேமராவைத் தூக்குவது. திருப்பிக் கொடுத்தால் போட்டியாளர் எடுத்து வெற்றி பெற்றுவிடுவாரோ என்ற பயம். ஆகவே கேமரா.

ஒரு காமிக்ஸை யார் எடுக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதை அதை நேசித்தவர் முடிவு செய்வதில்லை. நாட்காட்டி முடிவு செய்கிறது. வாரிசு இல்லாத வீட்டை இடித்துவிடாமல் பூட்டு மட்டும் போட்டுவைப்பதுபோல், பல நாயகர்கள் இப்படித்தான் ஸ்டூடியோ அலமாரிகளில் பல பத்தாண்டுகள் கிடக்கிறார்கள்.

'டிக் ட்ரேசி'யைப் பாருங்கள். 1990-ல் வாரன் பியட்டி அதை எடுத்து, அவரே நடித்தார். அடுத்த படம் வரவில்லை. உரிமை யாருக்கு என்று வழக்கு வந்தது. 2010-ல் அதே மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் திரை விமர்சகரோடு உட்கார்ந்து பேட்டி கொடுத்தார் பியட்டி. அந்த நிகழ்ச்சி உரிமையைத் தக்கவைக்கப் போதுமானது என்று 2011-ல் தீர்ப்பும் வாங்கினார். ரசிகருக்குக் கிடைத்தது ஒரு கோட்டும் ஒரு நாற்காலியும்.

[பெட்டி] வெளியே வராத படம்

ஜாக் கிர்பியும் ஸ்டான் லீயும் 1961-ல் தொடங்கிய 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இந்த விளையாட்டில் அதிகம் அடிபட்ட காமிக்ஸ்.

■ ஜெர்மன் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐக்கிங்கரின் உரிமை 1992 முடிவில் காலாவதியாக இருந்தது. குறைந்த செலவுப் படங்களுக்குப் பெயர்போன ரோஜர் கோர்மனோடு சேர்ந்து, ஆண்டு முடிய சில நாட்களே இருந்தபோது படப்பிடிப்பைத் தொடங்கினார். செலவு சுமார் 10 லட்சம் டாலர்.

■ படம் முடிந்தது, ட்ரெய்லர் வந்தது, நடிகர்கள் ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்தார்கள். 1994-ல் வெளியாக இருந்த நேரத்தில் நிறுத்தப்பட்டது. இன்றுவரை முறையாக வெளியாகவில்லை. திருட்டுப் பிரதிகளில்தான் உலகம் பார்த்தது.

■ 2005-ல் அதே ஐக்கிங்கர் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருக்க, ஃபாக்ஸ் பெரிய செலவில் எடுத்தது. 2007-ல் இரண்டாம் பாகம். காமிக்ஸில் கோள்களை விழுங்கும் மாபெரும் உருவமான கலாக்டஸ், அதில் வெறும் மேகமாக வந்தான்.

■ 2015-ல் மறுபடி முதலிலிருந்து. வெளியாவதற்கு முந்தைய இரவு, தான் நினைத்த படம் இதுவல்ல என்ற பொருளில் இயக்குநர் ஜோஷ் ட்ராங்கே ட்விட்டரில் எழுதிவிட்டு அழித்தார். மோசமான படத்துக்கான ராஸி விருதை இன்னொரு படத்தோடு அது பகிர்ந்துகொண்டது.

■ 2019-ல் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கிய பின் உரிமை மார்வெலிடம் திரும்பியது. 2025-ல் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' வந்தது. கலாக்டஸுக்கு இப்போதுதான் உருவம் கிடைத்தது.

டைகருக்கும் டெக்ஸுக்கும் நேர்ந்தது

நம் ஊர் வாசகருக்கு கேப்டன் டைகராக அறிமுகமானவர், பிரெஞ்சு மூலத்தில் லெப்டினன்ட் ப்ளூபெர்ரி. எழுதியவர் ஜான் மிஷேல் சார்லியே, வரைந்தவர் ஜான் ஜிரோ. 1963-ல், மாடஸ்டி பிறந்த அதே ஆண்டில், 'பிலோட்' இதழில் தொடங்கியது. உடைந்த மூக்கு, சவரம் செய்யாத முகம், மேலதிகாரிக்கு அடங்காத நாக்கு. செவ்விந்தியர்களுக்குக் கொடுத்த வாக்கை அரசு மீறும்போதெல்லாம் அவர்கள் பக்கம் நிற்கும் குதிரைப்படை வீரர்.

2004-ல் யான் கூனன் இயக்கத்தில் வின்சென்ட் கஸ்ஸல் நடித்த 'ப்ளூபெர்ரி' படத்துக்கு அடிப்படை, தமிழில் நாம் 'தங்கக் கல்லறை'யாகப் படித்த கதை. பாலைவனத்தில் புதைந்த தங்கச் சுரங்கம், அதைத் தேடிப் போகும் பேராசைக்காரர்கள், மறைந்திருந்து சுடும் ஒரு மர்ம மனிதன். பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாத கதை. படத்தில் அதெல்லாம் ஒரு சாக்கு. இயக்குநருக்கு ஆர்வம் பெருவின் மந்திரவாதிகளிலும், மூலிகைப் பானம் தரும் மயக்கக் காட்சிகளிலும் இருந்தது. உச்சக்கட்டமே கண்ணுக்குள் ஓடும் கணினி வரைகலைதான். கூனன் தன் ஆர்வத்துக்கு உண்மையாக இருந்தார் என்று ஒப்புக்கொள்ளலாம். அதற்கு டைகரின் பெயர் எதற்கு? சார்லியேயின் குடும்பத்தார் படத்தில் அவர் பெயர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

டெக்ஸ் வில்லர் கதை சிறியது. இத்தாலியில் 1948-லிருந்து இன்றுவரை விடாமல் விற்கும் காமிக்ஸ். 1985-ல் ஜூலியானோ ஜெம்மாவை வைத்து ஒரே ஒரு படம் வந்தது. டெக்ஸை உருவாக்கிய ஜி.எல். பொனெல்லியே அதில் கதை சொல்லும் முதியவராகத் தோன்றினார். ஓடவில்லை. அதற்குப் பின் டெக்ஸ் சினிமா பக்கமே போகவில்லை. அவருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை என்பதை சிவகாசியின் விற்பனையே சொல்லும்.

உண்மையாக எடுத்தால் ஓடுமா?

இங்கே சினிமாக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். 'அச்சு அசலாக எடுத்தால் பணம் வருமா?' நியாயமான கேள்வி. அதற்கு ரசிகர்கள் விரும்பாத பதில் ஒன்று இருக்கிறது.

ஜட்ஜ் ட்ரெட், 1977-ல் பிரிட்டனின் '2000 ஏடி' வார இதழில் பிறந்தவன். அவனுக்கும் ஒரு விதி உண்டு. தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டான். முகமே இல்லாத சட்டம் அவன். 1995-ல் சில்வஸ்டர் ஸ்டாலோன் நடித்தபோது, சிறிது நேரத்திலேயே கவசத்தைக் கழற்றிவிட்டார்கள். பெரிய நட்சத்திரத்துக்குக் கொடுத்த சம்பளத்துக்கு முகம் தெரிய வேண்டாமா? படம் அமெரிக்காவில் விழுந்தது. 2012-ல் கார்ல் அர்பன் நடித்த 'ட்ரெட்' முழுவதும் கவசம் கழறவே இல்லை. தாடையையும் குரலையும் மட்டும் வைத்து நடித்தார். பாத்திரத்தைப் படைத்த ஜான் வாக்னருக்கே பிடித்திருந்தது. ஆனால் திரையரங்கில் போட்ட பணம் திரும்பவில்லை. அடுத்த பாகம் வரவில்லை.

ஆக, உண்மையாக எடுத்தாலும் தோற்கலாம். இரண்டு தோல்விகளும் ஒன்றல்ல என்பதுதான் என் கட்சி. 1995 படத்தை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. 2012 படம் டிவிடியில் விற்றது. அடுத்த பாகம் கேட்டு ரசிகர்கள் மனு போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு காமிக்ஸைத் தேடி வந்தவர்கள் இருக்கிறார்கள். விதியை உடைத்த படம் பழைய வாசகரையும் துரத்துகிறது, புதியவரையும் கொண்டுவருவதில்லை.

யாருக்கு நஷ்டம்?

'படம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், புத்தகம் அப்படியேதானே இருக்கிறது' என்று நண்பர்கள் சமாதானம் சொல்வார்கள். அப்படியே இருப்பதில்லை என்பதே பிரச்சினை.

முதல் அடி பெயருக்கு. மாடஸ்டி பிளைசி என்று இன்றைய இளைஞர் ஒருவர் தேடினால், முன்னால் வந்து நிற்பது 1966-ன் குடையும் விக்கும். '60-களின் கிறுக்குத்தனம்' என்று நினைத்து நகர்ந்துவிடுவார். அகதிச் சிறுமியும் லாபும் அவருக்கு அறிமுகமாகப் போவதில்லை. லண்டனின் டைட்டன் நிறுவனம் 2004 முதல் 2017 வரை மொத்தப் படக்கதையையும் 30 தொகுதிகளாகப் போட்டது. அவ்வளவு பெரிய புதையல் கடையில் இருந்தும், கேட்டு வருவோர் பழைய ரசிகர்கள்தான்.

இரண்டாவது அடி அடுத்து எடுக்க நினைப்பவருக்கு. ஒரு படம் தோற்றால், 'மோசமாக எடுத்தோம்' என்று எந்த ஸ்டூடியோவும் சொல்வதில்லை. 'இந்தப் பாத்திரம் ஓடாது' என்கிறது. பெண்ணை மையமாக வைத்த சாகசக் கதைக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வேகமாக வரும். ஜேம்ஸ் பாண்டுக்குப் பக்கத்தில் நிற்கத் தகுதியான ஒரு பெண் பாத்திரத்துக்கு, அறுபது ஆண்டுகளில் தகுதியான ஒரு பெரிய படம் கூட அமையவில்லை.

மூன்றாவது அடி சில நேரம் காமிக்ஸுக்கே விழுகிறது. 2015 ஏப்ரலில் 645-வது இதழோடு 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸை மார்வெல் நிறுத்தியது. 2018-ல்தான் திரும்பத் தொடங்கியது. சினிமா உரிமை போட்டி நிறுவனத்திடம் இருந்ததே காரணம் என்று ரசிகர்கள் நம்பினார்கள். மார்வெலின் முதல் குடும்பம் அதன் சொந்த வீட்டிலேயே மூன்று ஆண்டுகள் இல்லாமல் போனது.

படைத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'வி ஃபார் வெண்டெட்டா', 'வாட்ச்மென்' ஆகியவற்றை எழுதிய ஆலன் மூர், அந்தப் படங்களில் தன் பெயர் வரக் கூடாது என்றார். தன் பங்குப் பணத்தையும் ஓவியர்களுக்கே கொடுத்துவிடச் சொன்னார். அவ்வளவு கோபம். ஜாக் கிர்பி 1994-ல் காலமானார். அவர் வரைந்த உருவங்களில் பல்லாயிரம் கோடி புரளத் தொடங்கியது அதன் பிறகு. அவருடைய பிள்ளைகள் நீதிமன்றம் ஏறி, 2014-ல்தான் மார்வெலோடு சமரசம் கண்டார்கள்.

ஓ'டோனல் வழக்குப் போடவில்லை, அறிக்கை விடவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். நாவல் வரிசையின் கடைசிப் புத்தகம் 1996-ல் வந்தது. அதில் மாடஸ்டிக்கும் கார்வினுக்கும் அவரே முடிவு எழுதினார், சேர்ந்தே போகும்படி. படக்கதையின் கடைசிப் பட்டையில் அவர்களை உயிரோடு, விடுமுறைக்கு அனுப்பிவைத்தார். தன் பாத்திரங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்பதை ஒருவர் இவ்வளவு அன்போடு முடிவு செய்துவைத்திருக்கும்போது, அடுத்து கைவைக்கப்போகிறவர் அதை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமா?

மாயாவியின் கை

இது வெளிநாட்டுக் கவலை மட்டும் அல்ல. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி' நம்மில் பலருக்கு முதல் காமிக்ஸ். பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962-ல் கென் புல்மரும் ஹெசூஸ் பிளாஸ்கோவும் தொடங்கிய கதை. 'இரும்புக் கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்கும் கனவைப் பற்றி இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் பேசியிருக்கிறார். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் மூத்த வாசகர்களுக்கு ஏற்பட்ட சிலிர்ப்பும் பயமும் எனக்கும் உண்டு.

அவரானாலும் வேறு யாரானாலும், நாம் படித்த மாயாவியைத் தொடப்போகும் தமிழ் இயக்குநருக்கு என் கோரிக்கை இதுதான். கதையை மாற்றுங்கள். ஊரை மாற்றுங்கள். நிழற்படை என்ற உளவு அமைப்பு இல்லாமல் கூட எடுங்கள். பாட்டு வேண்டுமானால் வையுங்கள். ஆனால் மாயாவியான லூயிஸ் கிராண்டேல் மின்சாரத்தைத் தொட்டால் உடல் முழுதும் மறையும், அந்த இரும்புக் கை மட்டும் மறையாது. எதிரி அதைப் பார்த்துவிடலாம். அவன் பிடிபடலாம். அவனுடைய சக்தியும் பலவீனமும் அந்த ஒரு கையில்தான் இருக்கின்றன, கதையின் விறுவிறுப்பு மொத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. வரைகலை வசதி இருக்கிறதே என்று அந்தக் கையையும் மறைத்துவிடாதீர்கள். படப்பிடிப்புக்கு முன் பழைய இதழ்களை ஒரு முறை படித்துவிடுங்கள். பிரதி கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பாதுகாத்து வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கிடைப்பார்.